கடலோர வீட்டில் ரெசின் ஏன் பிசுபிசுக்கிறது?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். பிளைவுட் பலகையில் நீலமும் வெள்ளையுமாக அக்ரிலிக் ஊற்றி அலை மாதிரி செய்து, மறுநாளே மேலே எபாக்ஸி ரெசின் ஊற்றினேன். நாலு நாளாகியும் பிசுபிசுக்கிறது, அங்கங்கே வெளுத்தும் போயிருக்கிறது. கரையில் பொறுக்கிய சிப்பி, பவளத்துண்டு பதித்து மறைத்துவிடலாமா?

பதில்: மறைக்க வேண்டாம், சரி செய்துவிடலாம். முதலில் ஓரத்தில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் ரெசின் உள்ளேயே இறுகவில்லை என்று அர்த்தம், அளவு தவறியிருக்கும் அல்லது பாத்திரத்தின் ஓரமும் அடியும் வழித்துக் கலக்காமல் விட்டிருப்பீர்கள். ரெசினுக்கும் அதை இறுகவைக்கும் ஹார்டனருக்கும் 2:1 என்று டப்பாவில் போட்டிருப்பது கன அளவா எடையா என்று பாருங்கள். இரண்டும் ஒரே அடர்த்தி இல்லை, அதனால் கன அளவைத் தராசில் எடுத்தால் கலவை பிசகும். இப்படி இளகி நிற்பதன் மேல் புது ரெசின் ஊற்றினாலும் அடியில் இருப்பது இறுகாது, சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

நகம் பதியவில்லை, மேலே மட்டும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது என்றால் அது காற்றின் வேலை. ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற ரசாயனம், காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து ஒரு படலமாகப் படிகிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். அப்புறம் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, நன்றாகக் காயவிட்டு இன்னொரு பூச்சு ஊற்றுங்கள்.

வெளுத்த இடங்களுக்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் மறுநாளே ஊற்றியதுதான். அக்ரிலிக் தண்ணீரில் கலந்த பெயின்ட், தடிமனாக ஊற்றினால் பாலில் ஆடை கட்டுவதுபோல் மேலே தோல் கட்டிவிடும், தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், அதன்மேல் ரெசினை ஊற்றி மூடினால் அந்த ஈரம் போக வழியே இல்லை. கடற்காற்று அடிக்கிற நம் பக்கம் இரண்டு மூன்று வாரமாவது காத்திருங்கள், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இன்னும் கூடுதலாக. திட்டுத் திட்டாக வட்டங்கள் வர சிலிகான் எண்ணெய் விட்டிருந்தால் அதையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள், இல்லாவிட்டால் ரெசின் அங்கங்கே விலகிக் குழி விழும்.

ஊற்றுவதற்கு விடிகாலையும் ராத்திரியும் வேண்டாம், அப்போதுதான் காற்றில் ஈரப்பதம் அதிகம். முற்பகல் பத்து மணிக்கு மேல் தொடங்கினால் முதல் சில மணி நேரம் வறண்ட காற்று கிடைக்கும். ஏசி அறை இருந்தால் ரொம்ப நல்லது. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி வையுங்கள், 60 சதவீதத்துக்குள் இருந்தால் தைரியமாக ஊற்றலாம், 80 தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் ரெசின் சீக்கிரம் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். நைட்ரைல் கையுறையும் ரசாயன ஆவியைத் தடுக்கும் முகமூடியும் கட்டாயம், துணி மாஸ்க் இதற்கு உதவாது.

பவளத்தைத் தொடவே தொடாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா, அந்தத் தீவுகளைச் சுற்றி இருப்பது பவளப்பாறைகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இருக்கிறது, கரை ஒதுங்கிய துண்டை வீட்டில் வைத்திருந்தாலும் வழக்கு வரும். சங்கு, சிப்பியிலும் சில இனங்களுக்குத் தடை உண்டு, அதனால் சமையலுக்கு வாங்கிய மட்டியின் ஓடு போதும். அதையும் நல்ல தண்ணீரில் பல தடவை அலசி, நாள் கணக்கில் வெயிலில் காயவைத்த பிறகே பதியுங்கள், உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்து ஓட்டின் ஓரங்களில் மறுபடியும் வெளுக்கும்.