லோரியில் ஏற்றும் குலையும் கணக்கில் சேரும்

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றும் வேலை எனக்கு. வயது 36, எடை 74 கிலோ. நான்கு வருடமாக வாரம் ஆறு நாள் ஜிம்முக்குப் போகிறேன். பலகையில் படுத்துக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் 70 கிலோவுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. வலது தோளின் முன்பக்கம் வலி வேறு. ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஜிம்மில் ஓர் அண்ணன். தைப்பூச விரதமும் வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஜிம்முக்குப் போகும் நாளை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள் தம்பி. சோம்பேறியாக இருக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முதிர்ந்த மரத்தின் குலை 15 முதல் 25 கிலோ வரை வரும். 20 கிலோ என்று வைத்தாலே, ஒரு டன் ஏற்றி முடிக்க 50 தடவை குனிந்து, தூக்கி, தோளுக்கு மேலே வீசவேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எழுதிய ஆறு நாள் அட்டவணையை யூடியூப்பில் பார்த்து, அதன் மேல் இந்த வேலையையும் சுமந்தால் உடம்பு தேறுவதற்கு எங்கே நேரம்? தசை வளர்வது ஓய்விலும் தூக்கத்திலும்தான். தசையை எலும்போடு கட்டும் தசைநார்கள் அதைவிட மெதுவாகத்தான் பழகும். உங்கள் தோள் சொல்வதும் அதையே.

அந்த 70 கிலோ உண்மையில் எவ்வளவு? ஒலிம்பிக் கம்பி 20 கிலோ. நம் ஊர்க் கடைவீட்டு மாடி ஜிம்களில் பட்டறையில் செய்த கம்பிகளும் கிடக்கும். அவை எந்த எடையிலும் இருக்கலாம். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை தராசில் ஏறி வித்தியாசத்தைப் பாருங்கள். பிறகு எப்போதும் அதே கம்பி. ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். தேதி, எடை, செட் (எத்தனை சுற்று), ரெப் (ஒரு சுற்றில் எத்தனை தடவை), அன்று எத்தனை லோரி. கடைசிக் கணக்கைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், எந்த நாளில் ஏன் தளர்ந்தீர்கள் என்று தெரிந்துவிடும்.

இப்போதைக்கு 60 கிலோவுக்கு இறங்குங்கள். பெஞ்ச் பிரஸ் மட்டும் வாரம் இரண்டு நாள், மூன்று செட், ஆறு ரெப். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று செட்டும் எட்டு ரெப் வந்த பிறகுதான் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு. கம்பியை நெஞ்சில் மோதி எகிறவிடாமல் ஒரு கணம் நிறுத்தி ஏற்றுங்கள். தோக்கியோ பாராலிம்பிக்கில் நம் சரவாக்கைச் சேர்ந்த போனி புன்யாவ் குஸ்தின் இதே பெஞ்ச் பிரஸ்ஸில் 228 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியது 72 கிலோ பிரிவில், ஏறக்குறைய உங்கள் எடைதான். அந்தப் போட்டியில் நெஞ்சில் நிறுத்தாமல் தூக்கினால் செல்லாது.

முழங்கையை அகல விரிக்காதீர்கள். உடம்போடு 45 முதல் 60 டிகிரி போதும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துப் பலகையில் அழுத்துங்கள். ஒரு செட் தள்ளினால் குறைந்தது ஒரு செட் இழுக்க வேண்டும், எடையை உடம்பை நோக்கி இழுக்கும் ரோயிங் மாதிரி. வேலையில் தலைக்கு மேல் வீசுவது ஏற்கெனவே இருப்பதால் ஷோல்டர் பிரஸ்ஸை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, கையைத் தூக்கினால் பலம் இல்லை, விரல் மரத்துப்போகிறது என்றால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, பிசியோவுக்குக் கடிதம் கேளுங்கள்.

தசை பெருக்க ஜிம்மில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேண்டவே வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததும் உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பதை நிறுத்திவிடும். விந்தணு குறையும், நல்ல கொலஸ்ட்ரால் சரியும், ரத்த அழுத்தம் ஏறும். தசை பெருத்தாலும் தசைநார் அதே வேகத்தில் பலப்படாது. வலிக்கிற தோளுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. அந்த அண்ணனுக்கு வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். புட்டியில் மருந்துக்கு அரசாங்கம் தரும் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

காசு செலவழித்தே ஆகவேண்டுமென்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் நாளுக்கு 3 முதல் 5 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்கவேண்டும். மற்ற டப்பாக்களை விட்டுவிட்டு, சாப்பாட்டைப் பாருங்கள். உடல் எடை கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு நாளுக்கு 118 கிராம். காலையில் நாசி லெமாக்கோடு வரும் பாதி முட்டை 3 கிராம்தான் தரும்.

விரத நாட்களில் கோழி, மீன், முட்டை இல்லை. புளிக்கவைத்த சோயாவான தெம்பே 100 கிராமில் கிட்டத்தட்ட 20 கிராம் புரதம்; பசார் மாலாமிலேயே மலிவாகக் கிடைக்கும். அதோடு தவ்வு (சோயாக் கட்டி), பருப்பு, தயிர், பால். ஒருவேளைச் சாப்பாடுதான் என்றால் அந்த வாரங்களில் எடையைக் கூட்ட முயலாதீர்கள். செட்டைப் பாதியாக்கி, தூக்கும் எடையை மட்டும் விட்டுவிடாமல் வைத்திருங்கள். வாங்கிய பலம் சில வாரத்தில் போய்விடாது. காவடி எடுப்பதாக இருந்தால் அந்த வாரம் தோளுக்கு ஜிம்மே வேண்டாம்.