கழற்றத் தெரியுமா? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் கல்யாண மேக்கப் செய்கிறேன். வயது 24. ஒரு அழகு நிலையத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு இப்போது தனியாகச் செய்கிறேன். மணப்பெண்களுக்கு ஒரே மாதிரி பூசிப் பூசி அலுத்துவிட்டது. என் உண்மையான ஆசை பேய்ப்படங்களுக்கான மேக்கப். வெட்டுக்காயம், எரிந்த முகம், அழுகிய பிணம், இதெல்லாம். தம்பியின் கையில் நானே செய்து பார்த்த காயத்தின் படத்தை இணைத்திருக்கிறேன். மும்பையில் ஒரு பயிற்சிக்கூடத்தில் மூன்று மாதத்துக்கு நாலு லட்சம் கேட்கிறார்கள். சேரலாமா? முதலில் என்ன கிட் வாங்க வேண்டும்? பெண்களை இந்த வேலைக்கு எடுப்பார்களா? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்கிறார்களே, தொழில் இருக்குமா? "மங்கள காரியத்துக்குப் போற கையால பொணத்துக்குப் பூசப் போறியா" என்று அம்மா வேறு அழுகிறார். நீங்கள் சினிமாவில் வேலை செய்தவர் என்பதால் கேட்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

தம்பியின் கையைப் பார்த்தேன். நன்றாகவே செய்திருக்கிறீர்கள். காயத்தின் ஓரம் தடித்து, சுற்றிலும் தோல் லேசாகக் கன்றி, நடுவில் கறுத்திருக்கிறது. ரத்தத்தை வாரிக் கொட்டாமல் விட்டது பிடித்திருந்தது. ஆனால் படத்தைப் பெரிதாக்கி நான் பார்த்தது வேறொன்றை. அந்தக் கையில் முடி அடர்த்தியாக இருக்கிறது. லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால், நேராக அதன்மேல் போயிருக்கிறது. அதை எப்படிக் கழற்றினீர்கள்? தம்பி கத்தினானா?

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் பித்தளை எண்ணெய்க் கிண்ணி கிடைத்தது. அதைத் துலக்கி மேசையில் வைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் பதில் போட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான். "எப்படிச் சேருவது" என்று கேட்டு வாரத்துக்கு நாலு கடிதம் வருகிறது.

சரி, உங்கள் கேள்விகள். கம்ப்யூட்டர் விழுங்கிவிடுமா என்பதை அது விழுங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். இருபத்துநாலு வயதில் அந்தக் கவலை வேண்டாம்.

பெண்களை எடுப்பார்களா என்றால், எடுக்காமல்தான் இருந்தார்கள். மும்பையில் பல பத்தாண்டுகளாகப் பெண்களுக்குச் சிகையலங்காரத்துக்கு மட்டும்தான் சங்க அட்டை, மேக்கப்புக்கு ஆண்கள்தான் என்று வைத்திருந்தார்கள். சாரு குரானா என்ற மேக்கப் கலைஞர் வழக்குப் போட்டார். 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அதனால் யாராவது "லேடீஸுக்குக் கார்டு கிடையாது" என்றால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.

நாலு லட்சம்? வேண்டாம். இந்தத் தொழிலில் எல்லாரும் குருவாகச் சொல்லும் அமெரிக்க மேக்கப் கலைஞர் டிக் ஸ்மித் எந்தப் பயிற்சிக்கூடத்திலும் படித்தவர் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவராகப் போகிறேன் என்று இருந்தவர், கையில் கிடைத்த ஒரு மேக்கப் புத்தகத்தால் தடம் மாறினார். 1973-இல் அவர் மேக்கப்பில் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' படத்தின் கிழட்டுப் பாதிரியாரை நினைத்துப் பாருங்கள். அந்த வேஷத்தில் நடித்த மேக்ஸ் வான் சீடோவுக்கு அப்போது நாற்பத்துச் சொச்சம்தான். பேய் பிடித்த சிறுமியின் முகத்தைப் பார்த்து எல்லாரும் அலறினார்கள், பக்கத்தில் நின்ற கிழவரும் அதே கை செய்ததுதான் என்று பலருக்குத் தோன்றவே இல்லை. என்னைக் கேட்டால் அந்தப் படத்தின் பெரிய மேக்கப் அதுதான்.

அவரிடம் இன்னொரு குணம். ரகசியம் என்று எதையும் பூட்டி வைத்ததில்லை. கடிதம் போட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். கியோட்டோவில் ஒரு பையன் பத்திரிகையில் அவருடைய ஆபிரகாம் லிங்கன் மேக்கப்பைப் பார்த்தான். தன் முகத்திலேயே லிங்கனைச் செய்து படமெடுத்து அவருக்கு அனுப்பினான். பதில் வந்தது. திருத்தங்களோடு வந்தது. அந்தப் பையன்தான் கசு ஹிரோ. பிற்பாடு 'டார்க்கஸ்ட் அவர்' படத்தில் கேரி ஓல்ட்மேனைச் சர்ச்சிலாக்கி ஆஸ்கர் வாங்கினார். ஆக, கடிதம் போடும் உங்கள் யோசனையில் தப்பில்லை, ஆள்தான் தப்பு. என்னைப்போல வசனம் எழுதுகிறவனுக்கு எழுதியதற்குப் பதில், கையில் லேட்டக்ஸ் ஒட்டியிருக்கிற யாருக்காவது எழுதியிருக்கலாம்.

"ஒரே மாதிரி பூசிப் பூசி அலுத்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் கோபம் வந்தது. முகூர்த்தம் நாலரை மணிக்கு. இரண்டு மணிக்கு எழுப்பி உட்காரவைத்த பெண் தூங்கி வழிகிறாள், ஓமப் புகையில் கண் கலங்கப் போகிறது, அழப் போகிறாள், வேர்க்கப் போகிறது. அத்தனைக்கும் தாங்கும்படி பூசுகிறீர்கள். எந்தத் தோல் எதற்குத் தடித்துப்போகும், யாருக்கு மூக்கோரம் எண்ணெய் வடியும் என்று உங்கள் விரலுக்குத் தெரியும். பேய்ப்படத்தில் இருப்பதும் அதே தோல்தான் அம்மா. அதே வேர்வை, அதே தூக்கம். அதைக் கேவலமாக நினைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள்.

இப்போது என் கதை. இருபது வருடம் இருக்கும். ஒரு சின்னப் பேய்ப்படத்துக்கு வசனம் எழுதினேன். பெயர் வேண்டாம், வந்த வாரமே போய்விட்டது. ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில் இரவு ஷூட்டிங். தீயில் வெந்து செத்த கிழவராக நடிக்க வேண்டியவர் வரவில்லை. இயக்குநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், சும்மா படுத்துக்கிடந்தா போதும்" என்றார்.

மேக்கப் உதவியாளர் கெட்டிக்காரர். என் கன்னத்தை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பாஞ்சால் லேட்டக்ஸை ஒற்றினார். ஹேர் டிரையரால் காயவைத்து, பவுடர் தட்டி, பிடித்த கையை விட்டார். கன்னம் எண்பது வயதாகச் சுருங்கியது. அதன்மேல் டிஷ்யூ காகிதம், இன்னொரு பூச்சு. ஊசி முனையால் அங்கங்கே கிழித்து, உள்ளே சிவப்பும் கறுப்பும் தேய்த்தார். அமோனியா நெடியில் என் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருந்தது. கண்ணாடியைக் காட்டினார்கள். நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றரை மணிக்கு பேக்கப். உதவியாளருக்குக் காலையில் வேறு படம், முதல் வண்டியிலேயே இறங்கிவிட்டார். ரிமூவர் பெட்டியும் அவரோடு போய்விட்டது. புரொடக்‌ஷன் பையன் எங்கிருந்தோ பெயின்ட் தின்னரைக் கொண்டுவந்து, "இதுல போயிரும் சார்" என்றான். வேண்டாம் என்று நானே நெற்றியிலிருந்து உரித்தேன். புருவத்தில் வாசலீன் வைக்காமல் பூசியிருந்திருக்கிறார்கள். இடது புருவத்தில் பாதி ரப்பரோடு வந்தது. அதற்குமேல் தொடத் தைரியம் இல்லாமல் வெந்துபோன முகத்தோடு விடிகாலையில் சேலத்தில் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்த அம்மா அலறவில்லை. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "எவன்டா பூசுனவன்? பூசத் தெரிஞ்சவனுக்கு எடுக்கத் தெரியாதா?" என்றாள்.

தேங்காய் எண்ணெயை வெதுவெதுப்பாகச் சுடவைத்து அந்தக் கிண்ணியில் ஊற்றினாள். பஞ்சைத் திரிபோல முறுக்கி நனைத்து, காதோரம் ரப்பர் முடியும் விளிம்பில் ஓட்டினாள். அப்புறம் சும்மா இருந்தாள். அவசரப்படவே இல்லை. எண்ணெய் உள்ளே இறங்க இறங்க விளிம்பு கொழகொழவென்று இளகியது. அதைக் கட்டைவிரலால் சுருட்டினாள், மறுபடி திரி, மறுபடி காத்திருப்பு. முக்கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். ஒரு முடி இழுபடவில்லை.

அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். அவள் அப்பா கூத்தாடி. துரியோதன வேஷம். பாரதக் கூத்தில் பதினெட்டாம் போரன்று படுகளம் பார்த்திருக்கிறீர்களா? தரையில் முப்பது நாற்பது அடிக்கு மண்ணால் துரியோதனனைச் செய்து கிடத்தியிருப்பார்கள். தொடையில் செந்நிற நீரோடு குடம் புதைந்திருக்கும். பீமன் அடித்து உடைக்க, பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தல் முடிப்பாள். பெண்கள் ஓரமாய் நின்று அழுவார்கள். நம் ஊரில் ரத்தக் காட்சி சினிமாவுக்கு முன்னாலேயே இருக்கிறது. அதையெல்லாம் முடித்துவிட்டுத் தாத்தா வந்து உட்காரும்போது நன்றாக விடிந்திருக்குமாம். ஏழெட்டு வயதுப் பெண் இதே கிண்ணியோடும் கிழித்த பழைய வேட்டியோடும் காத்திருப்பாள். வேறு யாரையும் தாத்தா முகத்தைத் தொட விடமாட்டார். துடைக்கும்போதே தூங்கிவிடுவார். "கறுப்பு மொதல்ல போயிரும். செவப்பு லேசுல போவாது. அப்பா மூஞ்சி கடைசியாத்தான் வரும்" என்றாள் அம்மா, என் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே.

உங்கள் கடிதத்தில் ஒட்டுவதைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. கழற்றுவதைப் பற்றி ஒரு வரி இல்லை. யாருமே எழுதுவதில்லை. நடிகர் போரிஸ் கார்லாஃபை 1932-இல் 'மம்மி' படத்துக்காக மம்மியாக்க மேக்கப்காரர் ஜாக் பியர்ஸ் எட்டு மணி நேரம் எடுத்துக்கொண்டார் என்று எல்லாரும் எழுதுவார்கள். பஞ்சும், கொலோடியன் என்ற ஒட்டும் திரவமும், கோந்தும் போட்டு இறுக்கிய அந்த முகத்தைக் கழற்ற இன்னும் இரண்டு மணி நேரம் ஆனதே, கார்லாஃப் அதற்கும் உட்கார்ந்திருந்தாரே, அதைச் சொல்பவர்கள் குறைவு. 'விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் சூனியக்காரியாக நடித்த மார்கரெட் ஹாமில்டன் 1938 டிசம்பரில் படப்பிடிப்பில் தீக்காயம் பட்டார். முகத்தில் பூசியிருந்த பச்சைச் சாயத்தில் தாமிரம் இருந்தது. மருந்து போடுவதற்கு முன் வெந்த தோலிலிருந்து அதை ஆல்கஹாலால் துடைத்தெடுக்க வேண்டியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் தலைகீழாகத் தொடங்குங்கள். ஒரு பசையை வாங்குமுன் அதற்கான ரிமூவரை வாங்குங்கள். ஸ்பிரிட் கம் என்கிற பிசின் பசைக்கு ஒன்று, சிலிகான் பசைக்கு வேறொன்று. மாற்றிப் போட்டால் தேய்த்துத் தேய்த்துத் தோல்தான் போகும். முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து ஒரு நாள் விடுங்கள், லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். முடி இருக்கும் இடத்திலெல்லாம் வாசலீன். உரிக்காதீர்கள், பிரஷ்ஷை நனைத்து விளிம்புக்கு அடியில் விட்டு இளக்குங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நடிகர் எழுந்து ஓடத்தான் பார்ப்பார், அதட்டி உட்காரவையுங்கள். கம்பெனி வண்டி கிளம்பினால் கிளம்பட்டும், கடைசி முகம் சுத்தமாகும்வரை நீங்கள் ஏறக்கூடாது. இதற்கு ஒப்புக்கொள்ளாத கம்பெனியில் வேலை வேண்டாம்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சர்க்கரைப் பாகில் உணவுச் சாயம் கலந்து ரத்தம் செய்தால் நகக்கண்ணில் சிவப்பு இரண்டு நாள் நிற்கும். அந்தக் கையோடு மணப்பெண் முன்னால் நிற்காதீர்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மற்றதை அவரிடம் நீங்களேதான் பேச வேண்டும்.

அடுத்த முறை காயத்தின் படம் வேண்டாம். கழற்றிய பிறகு தம்பியின் கையை எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்.

பி.கு: கிட் பற்றிக் கேட்டதை மறந்தே போனேன். பெரிய பெட்டி எதுவும் வேண்டாம். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடையில் ஆல்ஜினேட் ஒரு பொட்டலம் வாங்குங்கள், பல் அச்சு எடுக்கும் அதே பொடிதான். இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். தம்பியின் கையை அச்செடுத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றிப் பழகுங்கள். பிளாஸ்டரை அச்சுக்குள் மட்டும் ஊற்றுங்கள், இறுகும்போது கொதிக்கும், நேராகத் தோல்மேல் கூடாது. முகத்தை இப்போதைக்குத் தொட வேண்டாம். பிற்பாடு பொய்த்தோல் செய்யச் சிலிகானுக்குப் போகும்போது ரப்பர் கையுறையையும் கந்தகம் கலந்த களிமண்ணையும் பக்கத்தில் வைக்காதீர்கள், பிளாட்டினம் வகை சிலிகான் இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். சிலிகான் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள்.