காலில் பொறித்த ஆண்டை நம்பி வாங்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘ஸ்டார் வார்ஸ்’ பொம்மைகளைச் சேர்ப்பவன். ‘1977-இல் தயாரான அசல் செவ்பாக்கா, மனிதக் குரங்கு வீரன்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, ஓர் இணையக் கடையில் 6,500 ரூபாய் கொடுத்து அவனுக்காக ஒன்றை வாங்கினேன். பிரித்ததுமே அவன், “இது நகல் அப்பா, அது குரங்கும் கிடையாது” என்று சொல்லிவிட்டான். காலில் 1977 என்றுதான் பொறித்திருக்கிறது. கடைக்காரரோ, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: குரங்கா இல்லையா என்ற வழக்கை முதலில் முடித்துவிடலாம். உங்கள் மகன் சொல்வது சரிதான். செவ்பாக்கா, மரங்கள் அடர்ந்த காஷிக் என்னும் கோளைச் சேர்ந்த வூக்கி இனத்தவன். அவனைப் படைத்த ஜார்ஜ் லூகாஸ் மனத்தில் இருந்தது அவர் வளர்த்த நாய். ஆனாலும், உடலெங்கும் ரோமத்தோடு நிமிர்ந்து நடக்கும் ஓர் உருவத்தைக் குரங்கு என்று எழுதியதற்காக எந்த நுகர்வோர் ஆணையமும் இழப்பீடு வாங்கித் தராது.

‘1977-இல் தயாரான அசல்’ என்ற சொற்களைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் 1977 மே மாதம் வெளியானபோது, அதன் பொம்மைகளைத் தயாரித்த கென்னர் நிறுவனத்திடம் பொம்மைகள் தயாராக இல்லை. ஆகவே அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு, பொம்மையைப் பின்னர் அனுப்புவதாக உறுதி கூறும் சீட்டு வைத்த அட்டை உறையைத்தான் விற்றார்கள். செவ்பாக்கா உட்பட முதல் நான்கு பொம்மைகள் 1978-இல்தான் வாங்கியவர்களின் வீடு போய்ச் சேர்ந்தன. காலில் இருக்கும் 1977 பதிப்புரிமை ஆண்டு. பிந்தைய ஆண்டுகளில் வார்த்தவற்றிலும் அதே எண் இருக்கும், நகல் எடுப்பவரும் அதைச் சேர்த்தே எடுத்துவிடுவார். எழுத்துகள் மழுங்கியிருந்தால் சந்தேகப்படலாம். கையிலிருக்கும் துப்பாக்கியைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கும் பழக்கமும் சேகரிப்பாளர்களிடம் உண்டு: பெரும்பாலும் அசல் மிதக்கும், நகல் மூழ்கும். இது அறிகுறிதானே தவிர, ஆணையத்தின் முன் சான்றாக நிற்காது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் ஒருவரிடம் எழுத்து வடிவில் கருத்துப் பெறுவது நல்லது.

பில்லில் அச்சிட்ட வாசகத்துக்கு அஞ்ச வேண்டாம். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் போலிப் பொருளையும் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, அந்த விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் புகார் கிடைத்த மறுகணமே ‘அசல்’ என்ற சொல் அங்கிருந்து காணாமல் போகக்கூடும்.