ஹேக் செய்யப்பட்ட கணினிகள்: கேள்வி பதில்

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த், தமிழ் வகுப்பு ஆசிரியை): ஐயா, எங்கள் வகுப்பில் இருப்பது ஒரே ஒரு பழைய கணினி. அதை யார் தேடி வந்து ஹேக் செய்யப்போகிறார்கள்?

பதில்: அம்மா, தேடி வருவது ஆளன்று, நிரல். இணையத்தில் சேரும் கருவிகளுக்கான பழைய முறை எண் முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்னும் கருவி, வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து அவை அனைத்தையும் 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடும். அது ஆராய்ச்சிக்காகச் செய்யப்பட்டது. தாக்குவோரும் அதே வேலையை இரவும் பகலும் செய்கிறார்கள். எனவே கணினி சிறியது, பழையது என்பது காவல் ஆகாது. 2008இல் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் என்னும் தீநிரல் பல பத்து லட்சம் கணினிகளைப் பிடித்தது. 2016இல் மிராய் என்னும் தீநிரல் உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 6 லட்சம் கருவிகள் அதன் பிடியில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை கேமராக்களும் ரூட்டர்களும்தாம்.

கேள்வி (பீனிக்ஸ், மாணவர்): லோட் ஷெடிங் மின்வெட்டில் ரூட்டர் அணைந்து மீண்டும் இயங்கினால் வைரஸ் போய்விடும் என்று அண்ணன் சொல்கிறார். உண்மையா?

பதில்: அண்ணன் சொல்வது பாதி உண்மை, தம்பி. மிராய், கருவியின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே தங்குவதால், மின்சாரம் போனவுடன் அழிந்துவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் மீண்டும் தொற்றிவிடும், ஏனெனில் அது முயன்று பார்ப்பதே தொழிற்சாலையில் வைத்தனுப்பும் அறுபதுக்கும் மேற்பட்ட பெயர், கடவுச்சொல் இணைகளைத்தான். சென்ற மாதம் ஒரு கோயில் அலுவலகத்தில் ரூட்டரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் பெயரும் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்'. ஐந்தாண்டுகளாக அதை ஒருவரும் மாற்றவில்லை என்று அறிந்தபோது மனம் பதறியது. இன்றே உங்கள் வீட்டு ரூட்டரையும் திருப்பிப் பாருங்கள். 2018இல் 5 லட்சம் ரூட்டர்களைப் பிடித்த விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரலின் ஒரு பகுதி, ரூட்டரை அணைத்து மீண்டும் இயக்கினாலும் அழியாதது என்பதையும் நினைவில் கொள்க.

கேள்வி (டர்பன், லாரி உரிமையாளர்): 2021 ஜூலையில், துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட்டின் கணினிகள் தாக்கப்பட்டபோது என் லாரிகள் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதியென்றால், நாம் எம்மாத்திரம்?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, ஆயினும் நமக்கு வழியில்லை என்று சொல்லமாட்டேன். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வானாக்ரை என்னும் தீநிரலை எண்ணிப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டது. தாக்குதலோ மே 12 அன்றுதான் வந்தது. இடையில் இருந்த இரண்டு மாதங்களில் புதுப்பிக்கப்படாத கணினிகள்தாம் சுமார் 150 நாடுகளில், 2 லட்சத்துக்கும் மேலாக, சிக்கின. உங்கள் அலுவலகக் கணினியில் தானியங்கிப் புதுப்பித்தலை இயக்குங்கள். சரக்குக் கணக்கின் நகலொன்றைத் தனி வட்டில் எடுத்து, வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்றவர்): என்னிடம் இருப்பது விண்டோஸ் 10. வைத்துக்கொள்ளலாமா?

பதில்: அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, ஐயா. நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்திருந்தால் சிறிது காலம் ஓட்டலாம். இல்லையென்றால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். கணினி அதைத் தாங்காவிடில் லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளுங்கள். அதுவரை அதில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.