ஜெயித்தால் பெல்ட் பக்கிள்; சம்பளம் எங்கே?

கேள்வி: அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்தில் ஜெயித்தாலும் பரிசுப் பணம் கிடையாதாமே! மலைப்பாதை ஓட்டக்காரர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?
— வாசகர், உதகை

பதில்: உண்மைதான். 24 மணி நேரத்துக்குள் முடித்தால் வெள்ளி பக்கிள் கிடைக்கும்; பணம் கிடையாது. சோறு போடுவது ஷூ கம்பெனி ஒப்பந்தம். அதில் தொகைக்கு முன் பார்க்க வேண்டியது, காயத்தால் ஓடாவிட்டால் பணத்தைக் குறைக்கும் ஷரத்து. (கையெழுத்துப் போட்டபிறகு படிப்பவர்களே அதிகம்!)

அடுத்தது ரசிகர் சந்தா. பேட்ரியான் என்ற சந்தா இணையதளத்தில் 200 பேர் மாதம் 5 டாலர் கட்டினால் 1,000 டாலர். புதிதாகப் பக்கம் தொடங்கியவரிடம் தளம் 10 சதவீதம் எடுக்கும். பணப் பரிமாற்றத்துக்கு ஒவ்வொரு சந்தாவிலும் 2.9 சதவீதமும் 30 சென்டும் போகும். கைக்கு வருவது சுமார் 810 டாலர். ஐபோன் செயலிக்குள் ஆப்பிள் வழியே பணம் கட்டிச் சேர்ந்தால் ஆப்பிளுக்கும் பங்கு உண்டு. பிரவுசரில் சேரச் சொல்லுங்கள்.