உலக அரசியல் படிக்க ஆசைப்படும் மகள்: திருப்பூர் அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா, வணக்கம்.

நீங்கள் பாப்பாவோடு வந்து போனதிலிருந்து அவள் கொண்டுவந்த அந்த நீல அட்டை நோட்டு என் மனதிலேயே நிற்கிறது. ப்ளஸ் டூ படிக்கிற பெண் பக்கம் பக்கமாகக் கோடு போட்டு, இடது பக்கம் உலக அரசியல் பற்றிய கேள்வி, வலது பக்கம் தன் கணிப்பு, ஓரத்தில் நடந்ததா இல்லையா என்று டிக் போட்டு வைத்திருக்கிறாள். "இதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவாள்? டிவியில் உட்கார்ந்து பேசவா?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு நேரமில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

உங்கள் ஏற்றுமதித் தொழிலையே எடுத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு 26 சதவீதம் வரி என்று அறிவித்தது. ஒரே வாரத்தில் அதை நிறுத்தி வைத்தது. ஆகஸ்ட் 7 அன்று 25 சதவீதம் அமலுக்கு வந்தது. உக்ரைனோடு போரிடும் ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் அது 50 ஆனது. செக்கிங் முடித்துப் பெட்டி கட்டிய சரக்கை ஏற்றுவதா வேண்டாமா என்று பையரோடு ராத்திரி ராத்திரியாகப் பேசியதை நீங்களே சொன்னீர்கள். எங்கோ நடக்கிற உக்ரைன் போர் உங்கள் யூனிட்டின் ஓவர்டைமை நிறுத்தியது. பாப்பா படிக்க நினைப்பது இதைத்தான் அண்ணா. வெட்டிப்பேச்சு என்று நினைத்துவிட வேண்டாம்.

அதே சமயம், "அடுத்த பத்து வருஷத்தில் டாலர் காலி" என்கிற மாதிரி வீடியோக்களை நம்பி அவள் பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பிலிப் டெட்லாக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 284 நிபுணர்களின் கணிப்புகளை இருபது ஆண்டுகள் வாங்கி வைத்துச் சரிபார்த்தார். சராசரியாகப் பார்த்தால், குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அவர்கள் பெரிதாக முன்னே இல்லை. ஊடகங்களில் அதிகம் தலைகாட்டியவர்களின் கணிப்பு இன்னும் மோசமாக இருந்தது. 1998 மே மாதம் பொக்ரானில் நாம் அணுகுண்டு சோதனை நடத்தப்போவதை அமெரிக்க உளவுத்துறையே கண்டுபிடிக்கவில்லை.

நானும் தவறியிருக்கிறேன். 2010இல் லண்டனுக்குப் படிக்கப் போன ஒரு பையனிடம், படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கலாம், கடனை அடைத்துவிடலாம் என்று உறுதியாகச் சொன்னேன். 2012 ஏப்ரலில் அந்த விசாவையே மூடிவிட்டார்கள். அவன் படிப்பு முடிய மூன்று மாதம் இருந்தது. மறுபடி அதுபோன்ற விசா வந்தது 2021 ஜூலையில். அவன் அம்மா அடகு வைத்த நகை எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அதற்கப்புறம் எந்த நாட்டு விசாவைப் பற்றியும் "கண்டிப்பாக" என்ற வார்த்தையை நான் சொல்வதில்லை.

பாப்பாவின் நோட்டில் எனக்குப் பிடித்ததும் அதுதான். "நடக்கும்" என்று எழுதாமல் "70 சதவீதம்" என்று எழுதுகிறாள். வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950இல் இதற்கு ஒரு மதிப்பெண் முறை சொன்னார். 70 சதவீதம் என்று சொல்லி அது நடந்தால், 1இலிருந்து 0.7ஐக் கழித்து வர்க்கப்படுத்துங்கள், 0.09. நடக்காவிட்டால் 0.7இன் வர்க்கம், 0.49. சைபரை நெருங்க நெருங்க நல்லது. டெட்லாக் பின்னாளில் திரட்டிய தன்னார்வலர்கள் கணிப்புப் போட்டியில் ஜெயித்தது இப்படிக் கணக்கு வைத்து, செய்தி மாறும்போது சதவீதத்தையும் மாற்றித்தான். அந்தப் பழக்கம் இவளுக்குத் தானாகவே வந்திருக்கிறது.

சரி, படிப்புக்கு வருவோம். இளங்கலையில் பொருளாதாரம் எடுக்கச் சொல்வேன், புள்ளியியல் தாள்களை விடாமல் படிக்கட்டும். அரசியல் அறிவியல்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தால் தடுக்க வேண்டாம், புள்ளியியலைத் தனியாகவாவது கற்றுக்கொள்ளட்டும். கூடவே சீனமோ அரபியோ ஒரு மொழி. இந்தத் துறையில் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் ஏராளம். முதுகலைக்கு டெல்லி ஜேஎன்யூ, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டிலும் சர்வதேச உறவுகள் படிக்கலாம், செலவும் கையைக் கடிக்காது. உடனே கடன் வாங்கி வெளிநாடு அனுப்பாதீர்கள். 2024 ஜனவரியில் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தபோது எத்தனை வீட்டில் திட்டம் குலைந்தது என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

வேலை? வெளியுறவுப் பணிக்கு யூபிஎஸ்சி எழுதலாம், ஆனால் இடம் மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி ஐந்து வருடத்தைக் கரைக்க விடாதீர்கள். ஆய்வு மையங்களில் ஆரம்பச் சம்பளம் சுமார்தான். கன்ட்ரோல் ரிஸ்க்ஸ், யூரேசியா குரூப் போன்ற நிறுவனங்கள் அரசியல் அபாயத்தை, அதாவது போரோ வரியோ ஆட்சி மாற்றமோ ஒரு வியாபாரத்தை எப்படிப் பாதிக்கும் என்பதை, அலசிச் சொல்வதையே தொழிலாகச் செய்கின்றன. வங்கி, கப்பல் காப்பீடு, ஏற்றுமதி நிறுவனங்களிலும் இப்படி யோசிக்கத் தெரிந்த ஆளுக்குத் தேவை இருக்கிறது.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பாப்பாவை ஒரு வாரம் உங்கள் ஆபீஸில் உட்கார வையுங்கள். 2025 ஜூலை 24 அன்று இங்கிலாந்தோடு நாம் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் உங்கள் யூனிட்டுக்கு ஆர்டர் கூடுமா, எத்தனை சதவீதம் வாய்ப்பு, எந்த மாதத்துக்குள் என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் கணிப்பைத் தனித் தாளில் எழுதி மடித்து வையுங்கள். அடுத்த முறை வரும்போது இரண்டையும் எடுத்து வாருங்கள் அண்ணா, சேர்ந்து பார்ப்போம்.