வளைந்த தகட்டில் விளிம்பு மடிப்பு: ஷீட் மெட்டல் டிசைன் கேள்வி பதில்

சாலிட்வொர்க்ஸ், ஃப்ரீகேட் என்ற இரண்டு வடிவமைப்பு மென்பொருள்களிலும் தகட்டு வேலைகள் வரைகிறேன். வளைந்த பாகங்களில் விளிம்பு மடிப்பது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, பெல்ட்டை மூடும் காப்பு உறைக்காக (பெல்ட் கார்டு) 150 மி.மீ ஆரத்துல அரைவட்டத் தகடு வரைஞ்சேன். வளைஞ்ச ஓரத்துல ஹெம் (ஓரத்தைத் தன்மேலயே மடிக்கறது) போட சாலிட்வொர்க்ஸ் விடமாட்டேங்குது. எங்க தப்பு?

தப்பு உங்களுடையது இல்லை தம்பி. பழைய பதிப்புகளில் ஹெம் நேர் விளிம்புக்கு மட்டும்தான். ஒரு குறுக்குவெட்டைப் பாதை வழியே இழுத்துத் தகடாக்கும் ஸ்வெப்ட் ஃபிளேஞ்ச் கருவியை எடுத்து, ஹெம்மின் குறுக்குவெட்டை ஸ்கெட்சாகப் போட்டு, வளைந்த விளிம்பைப் பாதையாகக் கொடுத்தால் உருவம் வந்துவிடும்.

ஆனால் பட்டறையில் இதை எப்படிச் செய்வார்கள் என்று முதலில் யோசியுங்கள். உருட்டிய தகட்டில் 10 மி.மீ ஓரத்தை உள்பக்கமாக மடிக்கும்போது, பாதி வழியில் அந்த ஓரம் 140 மி.மீ ஆரத்துக்கு வந்தாக வேண்டும். கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்க வேண்டும். தகடு சுருக்கம் விழுந்துவிடும். அதையே தட்டையாக இருக்கும்போது மடித்துவிட்டுப் பிறகு உருட்டினால், 1 மி.மீ தகட்டில் இரண்டு அடுக்குக்கும் உள்ள நீள வித்தியாசம் அரைவட்டம் முழுவதற்கும் 3 மி.மீ சொச்சம்தான். சில ரோலிங் மெஷின்களில் உருளையின் ஓரத்தில் காடி வெட்டியிருப்பார்கள். மடித்த ஓரம் அதற்குள் நசுங்காமல் ஓடும்.

அதனால் நான் இரண்டாக வரைவேன்: லேசர் கட்டிங்குக்கு, தட்டைத் தகட்டில் ஹெம் போட்ட மாடல் ஒன்று; அசெம்பிளிக்கு, ஸ்வெப்ட் ஃபிளேஞ்சில் செய்த உருண்ட மாடல் ஒன்று.

வட்ட மூடி, ஆரம் 100, சுற்றிலும் 20 மி.மீ ஃபிளேஞ்ச் (மடிச்சு நிறுத்தின ஓரம்). மென்பொருள் ஏத்துக்கிட்டு, விரிச்ச தட்டை வடிவமும் (பிளாட் பேட்டர்ன்) குடுத்துச்சு. பட்டறையில முடியாதுங்கறாங்க சார்.

பட்டறைக்காரர் சொல்வதுதான் சரி. தோராயமாகப் பார்த்தால், வெட்டிய தகட்டின் விளிம்பு 120 ஆரத்தில் இருக்கிறது. சுற்றளவு 754 மி.மீ. மடித்த பிறகு அதே விளிம்பு 628 மி.மீக்குள் அடங்க வேண்டும். மீதி 126 மி.மீ எங்கே போகும்? நேர்கோட்டில் மடிக்கும் பிரஸ் பிரேக் மெஷினில் இதற்கு வழியே இல்லை. டை எனும் அச்சில் அழுத்தலாம், தகட்டைச் சுழற்றி அச்சின்மேல் அழுத்தும் ஸ்பின்னிங் செய்யலாம். நாலைந்து மூடிதான் தேவை என்றால், தட்டு தனி, உருட்டிய பட்டை தனி என்று வரைந்து வெல்டிங் போடச் சொல்லுங்கள்.

துளையின் ஓரத்தை மடிப்பது இதற்கு நேர்மாறு. அங்கே தகடு நீள வேண்டும். 50 ஆரத் துளையில் 15 மி.மீ ஃபிளேஞ்ச் என்றால் 35 ஆரத்திலிருந்து 50க்கு, 43 சதவீத நீட்சி. மைல்ட் ஸ்டீலே கிழியலாம். 5 மி.மீ ஃபிளேஞ்ச் என்றால் 11 சதவீதம், தாங்கும்.

மட்கார்டு மாதிரி ரெண்டு திசையிலயும் வளைஞ்ச தகட்டைத் துல்லியமா விரிக்க முடியுமா?

முடியாது. நீட்டாமல் சுருக்காமல் அப்படி ஒரு பரப்பைத் தட்டையாக்க இயலாது என்பது 1827-ல் கணித மேதை காஸ் முன்வைத்த தேற்றத்திலிருந்தே வருகிறது. சாத்துக்குடித் தோலை மேசையில் அழுத்திப் பாருங்கள், கிழியும். உருளை, கூம்பு போன்ற பரப்புகள்தான் சிக்கலில்லாமல் விரியும். சாலிட்வொர்க்ஸ் பிரீமியத்தில் உள்ள ஃபிளாட்டன் என்ற விரிக்கும் கருவி தருவது தோராய வடிவம். ஓரத்தில் கூடுதல் தகடு விட்டு வெட்டி, வளைத்த பிறகு டிரிம் செய்யுங்கள்.

ஃப்ரீகேட்ல உருளை வரைஞ்சேன், அன்ஃபோல்டு ஆகமாட்டேங்குது.

உருளையை முழுசாக மூடியிருப்பீர்கள். அரை மி.மீ இடைவெளி விடுங்கள். எங்கிருந்து விரிப்பது என்று மென்பொருளுக்கு அப்போதுதான் தெரியும். வளைவை ஸ்ப்லைன் எனும் நெளிகோட்டில் வரையாமல் வட்டவில்லாக வரையுங்கள். தகட்டின் தடிமன் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கே-ஃபேக்டர் என்ன வைக்கணும்?

மடிக்கும்போது நீளம் மாறாத கோடு, உள்பக்கத்திலிருந்து தகட்டின் தடிமனில் எத்தனை பங்கு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கே-ஃபேக்டர். ஊர் சொல்லும் எண்ணை வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். 1.5 மி.மீ தகட்டில் 100 மி.மீ நீளத் துண்டை வெட்டி, உள் ஆரம் 1.5 வருகிற மாதிரி 90 டிகிரி மடியுங்கள். இரண்டு கால்களின் வெளி அளவையும் கூட்டினால் 102.65 வருகிறதா? அப்படியானால் கே 0.42. உருட்டிய பெரிய ஆரத்துக்கு அந்த நீளம் மாறாத கோடு தகட்டின் நடுவிலேயே இருக்கும், அங்கே 0.5 வையுங்கள். ஒரே பாகத்தில் இரண்டும் இருந்தால் வளைவுக்கு வளைவு தனி மதிப்புக் கொடுக்கலாம். பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஓட்டை ஒத்துவரவில்லை என்று லேசர்காரரைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும்.

அலுமினியத்துல ஹெம் விரிசல் விடுது அண்ணா.

மூடிய ஹெம்மை விட்டுவிட்டு கண்ணீர்த் துளி வடிவ டியர் டிராப் ஹெம் தேர்ந்தெடுங்கள். மடிப்பின் உள்ளே ஒரு சின்ன ஆரம் மிஞ்சும், விரிசல் குறையும்.